தீயல் வைத்தது யார்?

கல்யாணமான முதல் வருஷத்தில் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டே இரண்டு. "விசேஷம் ஏதும் உண்டா?" என்பது ஒன்று, அதை மனைவியிடம் கேட்பார்கள். "எப்படிடா ஒம் பொண்டாட்டி சமையல்?" என்பது மற்றது, அதை என்னிடம் கேட்டார்கள். முதல் கேள்விக்கு அவள் சிரித்து மழுப்பினாள். இரண்டாவதுக்கு நான் "பிரமாதம்" என்று சொன்னேன். கோவில்பட்டியிலும் நாகர்கோவிலிலும் சென்னையிலும், விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டிலெல்லாம், வருஷம் முழுக்க வாய் கூசாமல் சொன்னேன். எங்கள் வீட்டில் சமைப்பது நான்.

இதில் புரட்சி ஏதும் இல்லை. அவள் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். ஒரு வாரம் காலை டூட்டி, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். நான் வேலை பார்ப்பது ஓர் அச்சகத்தில். ஒன்பதரைக்குப் போனால் ஆறரைக்கு வந்துவிடலாம். வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் உலை வைக்க முடியும். ரூமில் இருந்த காலத்தில் அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டு நான் ஓரளவு கற்றும் வைத்திருந்தேன். அவளை அவள் அம்மா அடுப்படிப் பக்கமே விட்டதில்லை. "நீ படி மக்ளே, அது போதும்" என்று வளர்த்திருக்கிறார்கள். கட்டன் சாயா மட்டும் அருமையாகப் போடுவாள். மற்றபடி அவள் வேலை தீர்ப்புச் சொல்வது. "உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு." "புளி பத்தாது." ஒரு வாய் வைத்ததும் சொல்லிவிடுவாள், தப்பவே தப்பாது.

பிறகு எதற்கு மறைத்தோம்? அவளை யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மீதிப் பாதி இது: எங்கள் தெற்கத்திச் சீமையில் அண்டா வைத்து ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் போடுகிற ஆணுக்குத் தவசுப்பிள்ளை என்று பெயர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு அடுத்த மரியாதை அவருக்குத்தான். அதே ஆள் வீட்டில் இரண்டு பேருக்குத் தினமும் ஆக்கினால் பொண்டாட்டிதாசன். அந்தப் பட்டத்துக்கு நான் பயந்தேன். அச்சகத்தில் மதியம் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரர், "தங்கச்சி கைப்பக்குவமே தனி சார்" என்பார். தலையாட்டுவேன். தலையாட்டும்போதே வயிறு எரியும். விடிகாலையில் எழுந்து கண்ணீரோடு சின்ன வெங்காயம் உரித்தவன் நானல்லவா.

தீயலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கோவில்பட்டிக் கரிசல் காட்டில் தேங்காய் என்பது பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற பொருள். எங்கள் வீட்டில் ஒரு மூடித் தேங்காய் இரண்டு நாள் ஓடும். அவள் ஊரான நாகர்கோவிலில் ஒரு குழம்புக்கே முழுத் தேங்காய் போய்விடும். சென்னைக் கொளத்தூரில் குடிவந்த புதிதில், என்ன வேண்டும் என்று கேட்டேன். உள்ளித் தீயல் என்றாள். எனக்கு அந்தப் பெயரே புதிது. அவள் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். போனை அவள் பிடித்துக்கொண்டாள், கரண்டியை நான் பிடித்துக்கொண்டேன்.

"தீயக் கொறச்சு வை மக்ளே. கை மட்டும் நிக்கப்படாது."

இரும்புச் சட்டியில் ஒரு தேங்காயின் துருவல். கூடவே நறுக்கிய உள்ளி (எங்களுக்குச் சின்ன வெங்காயம்) நாலு, ஒரு கொத்து கறிவேப்பிலை. போனின் கண் சட்டிக்குள் மட்டும் பார்த்தபடி இருந்தது. நான் கிண்டக் கிண்ட அவள், "ஆமாம்மா, கிண்டுதேன்... கிண்டிட்டேதான் இருக்கேன்" என்று பதில் சொன்னாள். எனக்கு மூச்சுவிடவும் பயம். தேங்காய் வறுபடுவதில் ஒரு சங்கடம் உண்டு. ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமே நடக்காது. ஈரம் வற்றும், வெள்ளை லேசாக மங்கும், அவ்வளவுதான். கை வலித்து, போதும் என்று தோன்றும் நேரத்தில் ஓரத்திலிருந்து பழுப்பு ஏறத் தொடங்கும். பிறகு எல்லாமே அரை நிமிஷத்துக்குள். பொன்னிறத்தில் இறக்கினால் அது தீயல் ஆகாது, சும்மா வறுத்தரைத்த குழம்பு. கருகிவிட்டால் முழுத் தேங்காயும் குப்பைக்கு. நடுவில், கருப்பட்டி நிறம் வரும்போது அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே மல்லிப்பொடி, வத்தல்பொடி, ஒரு சிட்டிகை வெந்தயப்பொடி போட்டுப் புரட்டிவிட வேண்டும். ஆறியதும் தண்ணீர் விடாமல் அரைத்தால் மிக்ஸியில் தேங்காய் தன் எண்ணெயிலேயே விழுதாகிவிடும். இன்னொரு பக்கம் முழு உள்ளியைத் தேங்காய் எண்ணெயில் வதக்கி, புளித்தண்ணீர் விட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவைத்து, விழுதைக் கரைத்து ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

நிறம் வந்த அந்த அரை நிமிஷப் பதற்றத்தில் போன் சரிந்துவிட்டது. என் மணிக்கட்டு, கைக்கடிகாரம், கையில் இருக்கிற முடி எல்லாம் திரையில் தெரிந்திருக்க வேண்டும். அத்தை ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "சரி மக்ளே, ஆறின பொறவு அரை" என்று வைத்துவிட்டார்கள். பார்த்தார்களா, பார்க்கவில்லையா என்று அன்று ராத்திரி வெகுநேரம் விவாதித்தோம். முடிவுக்கு வர முடியவில்லை.

அந்தப் புரட்டாசியிலேயே அப்பா ஒரு வேலையாகச் சென்னைக்கு வந்தார். தீயல் வைத்தேன். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அடுப்படியை விட்டு வெளியே வந்து பேப்பரோடு உட்கார்ந்துகொண்டேன். அவள் பரிமாறினாள். அப்பா சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாத மனிதர். நன்றாக இருந்தால் இன்னொரு தரம் சோறு கேட்பார், இல்லாவிட்டால் எழுந்துவிடுவார். அன்றைக்கு மூன்றாம் தரமும் சோறு வாங்கிக்கொண்டு, "நல்லாருக்கு தாயி" என்றார். பேப்பருக்குப் பின்னால் எனக்கு உடம்பெல்லாம் பொறாமை. அம்மா இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டும் அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. எனக்கு வந்தது, ஆனால் வேறு விலாசத்துக்குப் போய்விட்டது.

தேனிலவு என்று கொடைக்கானல் போனதைச் சொல்ல மறந்துவிட்டேன். மழை. அறைக்குள் உட்கார்ந்து பிரெட் ஆம்லெட் சாப்பிட்டோம். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முதல் வருஷத்தின் உண்மையான பயணம் இரண்டு பேர் வீட்டுக்கும் போய் வருவதுதான் என்பது என் கருத்து. அங்கேதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த மண்ணிலிருந்து வந்தவர் என்று தெரிகிறது.

தலைதீபாவளிக்கு முதலில் கோவில்பட்டியில் இறங்கி, அம்மா கையால் ஒரு பொழுது சாப்பிட்டுவிட்டு, மறுநாள் அங்கிருந்து பஸ்ஸில் நாகர்கோவில் போனோம். ஏறக்குறைய மூன்று மணி நேரம். சன்னல் ஓரம் அவளுக்கு. ஊரைத் தாண்டினால் இருபுறமும் கரிசல். ஐப்பசி மழை பெய்து உளுந்தும் பாசியும் கம்பும் பச்சை கட்டியிருந்த நேரம். மற்ற மாதங்களில் அதே நிலம் வெடித்துக் கிடக்கும். வழியில் இடைசெவல், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். ஒரு சின்ன ஊர் இரண்டு பேருக்கும் சாகித்ய அகாதெமி விருது வாங்கித் தந்திருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். "அங்க என்ன வெளையும்?" என்று கேட்டாள். அடுத்து கயத்தாறு, கட்டபொம்மனை 1799-இல் தூக்கிலிட்ட இடம். திருநெல்வேலியில் ஆற்றைத் தாண்டி, நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி. அதுவரைக்கும் பனையும் உடைமரமும்தான். காவல்கிணறு தாண்டியதும் காற்றாலைகள். முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தி டிரைவர் கும்பிட்டுக்கொண்டார். ஆரல்வாய்மொழியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் வால் வழிவிடுகிறது. அதைத் தாண்டினால் வேறு நாடு. வாழை, தென்னை, குளம் குளமாகத் தண்ணீர், தோவாளைப் பூவாசனை.

காரணம் எளியது. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான். மழை இரண்டு தரம் பெய்கிற இடத்தில் தென்னை நிற்கும், குழம்பில் தேங்காய் விழும். ஒரு தரம் பெய்கிற இடத்தில் எள்ளும் கம்பும் காணமும் விளையும். நல்லெண்ணெயும் துவையலும் வத்தலும் தட்டுக்கு வரும். எங்கள் வெஞ்சனங்களில் பாதி வெயிலில் காயவைத்தவை: மிதுக்கு வத்தல், சீனியவரை வத்தல், சுண்டை வத்தல். இல்லாத மாதங்களுக்காகச் சேர்த்துவைக்கிற சமையல் அது. அவர்களுடையது அன்றன்றைக்குத் தோட்டத்தில் பறித்து அன்றைக்கே தீர்க்கிற சமையல். நாங்கள் இரண்டு பேரும் குளிர்சாதனப் பெட்டியை வைத்துச் சண்டை போட்டதுகூட இதனால்தான் என்று பஸ்ஸில் எனக்குப் பட்டது. மிச்சக் குழம்பை நான் எடுத்து வைப்பேன், அவள் கொட்டச் சொல்வாள்.

தலைதீபாவளி இலையை விவரித்தால் பத்திரிகை பத்தாது. முதலில் பருப்பு, நெய், பப்படம். பிறகு சாம்பார். பிறகு புளிசேரி, ரசம். ஓரத்தில் அவியல், துவரன், எரிசேரி, கிச்சடி. கடைசியில் பாயசம், அதில் போளியைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்து சாப்பிட வேண்டும் என்று மாமா செய்து காட்டினார். அதைவிட எனக்கு மறக்காதது மறுநாள் மதியம். மரச்சீனியும் சாளைக்கறியும். மரச்சீனியைத் தோல் உரித்து, துண்டு போட்டு, வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிட வேண்டும்; கிழங்கில் உள்ள நச்சுத்தன்மை தண்ணீரோடு போகும். பிறகு தேங்காய், பச்சைமிளகாய், சீரகத்தை ஒன்றிரண்டாக அரைத்து அதில் போட்டு மசிக்க வேண்டும்.

மாமா பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் இரண்டாவது தரம் வாங்கிக்கொண்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மாப்ள, இது நம்ம ஊர்க் கெழங்கு இல்ல, தெரியுமா? தென்னமெரிக்காலேர்ந்து வந்தது" என்று ஆரம்பித்தார். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் இதைப் பரவலாகப் பயிரிடச் செய்தார். இரண்டாம் உலகப் போரில், 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அப்போது திருவிதாங்கூர் ஜனங்களைக் காப்பாற்றியது மரச்சீனி. அவருடைய அப்பா அரிசிச் சோறு பார்க்காத மாதங்களைப் பற்றிச் சொல்வாராம். 1956 நவம்பர் 1-இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கிழங்கு மட்டும் இலையை விட்டுப் போகவில்லை. எங்கள் ஊரில் பஞ்சத்துக்குக் கம்பங்கஞ்சி குடித்த கதையை நான் சொன்னேன். இரண்டு வீட்டுப் பஞ்சத்தையும் பேசிக்கொண்டே இரண்டு பேரும் வயிறு புடைக்கச் சாப்பிட்டோம். அத்தை பரிமாறிக்கொண்டே என் கையைப் பார்த்த மாதிரி இருந்தது. கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

திரும்பும்போது மட்டிப்பழம் ஒரு தார், தேங்காய் ஒரு சாக்கு, நல்ல கிராம்பு கொஞ்சம். போகும்போது நாங்கள் கொண்டுபோனது கோவில்பட்டிக் கடலைமிட்டாய். கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு 2020-இல் கிடைத்தது, மட்டிப்பழத்துக்கு 2023-இல். இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் இதில் ஒரு போட்டி உண்டு. அப்பா மூன்று வருஷ மூப்பைச் சொல்லிக் காட்டுவார்.

கார்த்திகையில் அம்மா வந்தாள். இங்கேதான் இந்தக் கட்டுரையின் நிஜமான விஷயம் தொடங்குகிறது.

வந்த அன்று மாலையே அடுப்படி அவள் கைக்குப் போய்விட்டது. மருமகளுக்கு அந்த வாரம் நைட் டூட்டி. "பாவம், ராத்திரி பூரா முழிக்கிற பிள்ள, நான் இருக்கிறவரைக்கும் நான் ஆக்குறேன்" என்று அம்மா சொன்னதில் தப்புச் சொல்ல முடியுமா? எனக்கு ஓய்வு. காலையில் காப்பி கைக்கே வந்தது. ஒருநாள் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போனேன். அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருந்த இடத்தில் சீரகம் இருந்தது. நான் வெந்தயத்தைக் கடைசிக் கிண்ணத்தில் வைப்பேன், அங்கே மிளகு. மனைவியின் ஊரிலிருந்து கொண்டுவந்து எண்ணெய் தடவித் தடவிப் பழக்கியிருந்த மீன்சட்டியைக் காணோம். தேடினால், கவிச்சி அடிக்கிறது என்று பால்கனியில் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அம்மா கவிழ்த்துவைத்திருந்தாள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் பாட்டிலைத்தான் பொறுக்க முடியவில்லை. சமையலுக்கு வாங்கிய ஒரு லிட்டர் பாட்டில். அதைக் கொண்டுபோய் முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் சீப்புக்கும் பவுடருக்கும் நடுவில் நிறுத்தியிருந்தாள். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் தலைக்குத்தான். யாரோ மறந்துபோய் அடுப்படியில் வைத்துவிட்டார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பு மேடையில் டக்கென்று வைத்தேன். "எடுத்த பொருள எடுத்த எடத்துல வைக்க மாட்டியாம்மா? நாளைக்கு நான் எங்க போய்த் தேடுறது? ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடம் வச்சிருக்கேன், வந்து எல்லாத்தையும் கலைச்சுப் போட்டா எப்படி?" என்று கத்திவிட்டேன். குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. அந்தக் குரலை நான் வேறு வீடுகளில் கேட்டிருக்கிறேன். டிவி சீரியல்களில் கேட்டிருக்கிறேன். சிரித்துமிருக்கிறேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "வீட்டுக்கு வந்த மருமக ஒரு சொல்லு சொல்லல. நீ எதுக்குய்யா இந்தக் குதி குதிக்க?"

பதில் இல்லை. அந்த நேரம் பார்த்து டூட்டி முடிந்து அவள் உள்ளே வந்தாள். யூனிபார்மை மாற்றவில்லை, கண் சிவந்திருந்தது. அம்மா நேராக அவளிடம் கேட்டாள்: "தாயி, இங்க ஆக்குறது இவந்தானா?"

அவள் என்னைப் பார்த்தாள். நைட் டூட்டி முடிந்து வருகிற ஆளுக்குப் பொய் சொல்லத் தெம்பு இருக்காது. "ஆமா அத்தை" என்றாள்.

"எம்புட்டு நாளா?"

"வந்ததுலேர்ந்து."

நான் அழுகையை எதிர்பார்த்தேன். குறைந்தபட்சம், "எம் பிள்ளைய இப்படி" என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தையாவது எதிர்பார்த்தேன். அம்மா சற்று யோசித்துவிட்டு, "அப்ப அந்தத் தீயலும் இவன் வச்சதுதானா?" என்றாள். தலையாட்டினோம். "ஒங்கப்பாட்ட சொல்லிப்புடாதீக. மனுசன் மருமக வச்சதுன்னு ஊரு பூராச் சொல்லிட்டு அலையிறாரு."

அன்றைக்கு மத்தியானம் அவள் தூங்கப் போன பிறகு அம்மா தன் கதையைச் சொன்னாள். நான் அதுவரை கேட்டிராத கதை. அவள் கல்யாணமாகி வந்தபோது உப்பு மரவை பாட்டி கையில் இருந்ததாம். உலை வைப்பது, குழம்பு கூட்டுவது எல்லாம் அம்மா. உப்பு போடும் நேரம் வந்தால் பாட்டியைக் கூப்பிட வேண்டும். பாட்டி வந்து போடுவாள். நான் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகும் அப்படித்தானாம். ஒருநாள் பாட்டி ஊருக்குப் போயிருந்தபோது தானே உப்புப் போட்டு ஆக்கிய குழம்பை யாருக்கும் தெரியாமல் கிண்ணத்தில் எடுத்து வைத்து, ராத்திரி தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தேன் என்றாள். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாமியார் மருமகள் சண்டையைப் பெண்களின் குணம் என்று சொல்லிச் சொல்லியே நாம் வளர்ந்திருக்கிறோம். அதைப் பற்றி எத்தனை நகைச்சுவைத் துணுக்குகளுக்கு அச்சுக் கோத்திருப்பேன்! பெற்ற தாயோடு எண்ணெய் பாட்டிலுக்காக நான் போட்ட சண்டையில் மாமியாரும் இல்லை, மருமகளும் இல்லை. ஓர் அடுப்பும் அதை ஆள நினைத்த இரண்டு பேரும்தான் இருந்தோம். தினமும் கரண்டி பிடிக்கிறவனுக்கு அந்த நாலு சதுர அடியில் ஒரு ராஜ்ஜியம் உண்டாகிவிடுகிறது. வேறு எந்த இடத்திலும் அதிகாரம் இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ராஜ்ஜியமாக இருந்திருக்கும் என்பது, ஆபீஸ், சம்பளம், பைக் எல்லாம் இருக்கிற எனக்கே அப்படிக் கோபம் வந்த பிறகுதான் உறைத்தது.

அம்மா ஈரத்துணியில் சுற்றி அதலைக்காய் கொண்டுவந்திருந்தாள். அதைப் பட்டணத்தில் யாருக்கும் தெரியாது. மழைக்குப் பிறகு கரிசலில் தானாக முளைக்கிற கொடி. பாகற்காயின் பங்காளி, ஆனால் விரல் நுனி அளவுதான் காய். பறித்தால் சீக்கிரம் வெடித்துவிடும், அதனால் தொலைவுக்கு வியாபாரம் போகாது. "இத நறுக்கக் கூடாதுய்யா. நறுக்குனா கசப்பு எறங்கிரும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு முனையையும் நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு முழுசாக நல்லெண்ணெயில் போட வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, வத்தல்பொடி, கொஞ்சம் புளித்தண்ணீர். சுருங்கச் சுருங்கப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடித்தால் உள்ளே விதை நறுக்கென்று உடையும். கசப்பு அப்புறம் மெல்ல வரும். அதுவரை போனில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக் கற்றவன், அன்றைக்குத்தான் அம்மா பக்கத்தில் நின்று அவள் கையைப் பார்த்துக் கற்றேன். பிள்ளையாக வீட்டில் இருந்த இருபத்துச் சொச்ச வருஷத்தில் நான் அப்படி நின்றதில்லை. நிற்க அவளும் விட்டதில்லை.

மிச்சக் காயை மறுநாள் நான் தீயல் வைத்தேன். நாகர்கோவில் பக்கம் பாகற்காய்த் தீயல் உண்டு என்பதால் துணிந்தேன். அவள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "தேங்காயப் போட்டுக் கசப்பக் கெடுத்துட்ட" என்றாள். ஒரு காய்க்கு ஒரு தேங்காயா என்ற கேள்வியும் முகத்தில் இருந்தது. அம்மா சொன்னதும் சரிதான், அவள் வாங்கிச் சாப்பிட்டதும் சரிதான். அது கோவில்பட்டியிலும் கிடைக்காது, நாகர்கோவிலிலும் கிடைக்காது. கார்த்திகையில் யாராவது ஊரிலிருந்து வந்தால் மட்டும் கொளத்தூரில் ஒரு வீட்டில் கிடைக்கும்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போனோம். தெற்கே அன்றைக்கு எந்த ஊரில் இருந்தாலும் குடும்பம் முழுக்கக் குலசாஸ்தாவைத் தேடி வந்துவிடும். தாமிரபரணிக் கரையில் எங்கள் சாஸ்தா. பனையோலைப் பந்தல், வெயில், பொங்கல் பானைகள். ஆம்பிளைகள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். அப்பா வழக்கம்போல் மருமகளின் தீயலைப் பற்றித் தன் சித்தப்பா மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு எப்படி வைப்பது என்று கேட்டார்கள். அவள் சொல்லத் தொடங்கினாள். துருவலில் தொடங்கி, தீயைக் குறைப்பது, கை நிற்கக் கூடாதது, கருப்பட்டி நிறம் எல்லாம் அவள் அம்மா சொன்ன அதே சொற்களில், தடங்கல் இல்லாமல். போனைப் பிடித்துக்கொண்டே பாடம் பண்ணியிருக்கிறாள்! ஒரே ஒரு விஷயம். வெந்தயப்பொடியை விட்டுவிட்டாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து நெளிந்தேன். வெந்தயம் இல்லாமல் வைத்துவிட்டு நாளைக்கு நாலு வீட்டில், அந்தப் பெண் சொன்ன தீயல் அப்படியொன்றும் இல்லை என்று பேசுவார்களே. எழுந்துபோய்ச் சொல்லிவிடலாமா என்று பாதி எழுந்தும்விட்டேன். அம்மா பானையைக் கிளறிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "வெந்தயப்பொடி கொஞ்சம் போடுவேல்லம்மா, அதச் சொல்ல மறந்துட்ட" என்றாள்.

ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கம் நடக்கவில்லை. மருத்துவமனையில் ஆடி மாதத்துக்கு லீவு கிடையாது. அத்தைக்கு அதில் வருத்தம். இப்போது ஆவணி பிறந்து வருஷமும் திரும்பிவிட்டது. அடுத்த மாதம் அத்தைக்குக் கண்ணில் புரை எடுக்க வேண்டும், அதைச் சென்னையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. மூன்று வாரம் எங்களோடு இருப்பார்கள்.

"மூணு வாரம் என்னால நடிக்க முடியாது, கேட்டுக்கிடுங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். அந்த மூன்று வாரத்தில் ஒரு வாரம் அவளுக்கு நைட் டூட்டி வேறு. கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு அத்தை ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். அடுப்படியிலிருந்து தேங்காய் வறுபடும் வாசனை வரும். மகள் ஆஸ்பத்திரியில் இருப்பாள். அத்தையாகக் கேட்டால் சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன். கேட்காவிட்டால் முதல் நாளே தீயலை அவர்கள் முன்னால் வைத்து, உப்பு சரியா என்று நான் கேட்பதாக ஏற்பாடு. தேங்காய் மட்டும் வில்லிவாக்கம் மார்க்கெட்டில் வாங்க வேண்டாம், ஊரிலிருந்து வரும்போதே கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.